பூப்போட்ட தலகாணி உறை

ஆறே கால் இருக்கும். ஏப்ரல் மாசம். டாஸ்மேனியாவுல ஏப்ரல்னா ஆறே காலுக்கே கும்மிருட்டு, உங்களுக்குத் தெரியாததா? கிரேட் லேக்லேர்ந்து லான்செஸ்டனுக்கு இறங்குற மேட்டு ரோடு. முன்னாடி வண்டி கிடையாது... பின்னாடி வண்டி கிடையாது. ரெண்டு பக்கமும் பட்டுப்போன தைல மரம், வெள்ளை வெள்ளையா. போன்ல சிக்னல் எப்பவோ செத்துப்போச்சு.

அந்த ரோட்ல ஒரு பொண்ணு வண்டி ஓட்டிட்டு வர்றா. பேரு நிர்ஜலா. நம்ம டிப்சன் இருக்கான்ல, என் ரூம்மேட், நேபாளத்துக்காரன்... அவனோட மாமா பொண்ணு. நர்சிங் படிக்க வந்தவ. முதல் வருஷம். ஈஸ்டர் லீவுக்கு ஊரைச் சுத்திப் பார்க்கலாம்னு வாடகை வண்டி எடுத்துட்டுக் கிளம்பினா. கூட அவ கிளாஸ்ல படிக்கிற சுபின்னு ஒரு பையன். இவளை விட ரெண்டு வயசு சின்னவன். இவளை ‘தீதி’ம்பான், அக்கான்னு அர்த்தம். இவ அவனை ‘பாபு’ம்பா, சின்னப் பசங்களை, கைக்குழந்தையை எல்லாம் அவங்க ஊர்ல அப்படித்தான் கொஞ்சுவாங்க.

டேய் சார்லஸ், சிரிக்காத. கங்காரு பேய்னா குதிச்சுக் குதிச்சு வருமான்னு கேட்டல்ல? வாயை மூடிட்டுக் கேளு. நாளைக்கு அதே ரோட்ல நீதான் வண்டி ஓட்டணும்.

அன்னிக்கு மத்தியானம் ஏரிக்கரையில ஒரு சின்னக் கடை. தூண்டில் புழு, சூடா பப்ஸ், டீ எல்லாம் விக்கிற கடை. மார்லீன்னு ஒரு அம்மா நடத்துறா. சுபினும் நிர்ஜலாவும் டீ குடிக்க உள்ள போனாங்க. கல்லாப்பெட்டிக்குப் பின்னாடி கதவுக் கைப்பிடியில ஒரு தலகாணி உறை தொங்குது. நீலப்பூ போட்டது. அது... அசையுது.

"தீதி, உள்ள பூனையா?"ன்னான் சுபின்.

மார்லீன் சிரிச்சுட்டா. உறையை எடுத்து, அடியில ஒரு கையைக் குடுத்துத் தாங்கி, வாயைத் திறந்து காமிச்சா. உள்ள வாலபிக் குட்டி. கங்காருவோட சின்ன ஜாதி, தெரியும்ல. ரெண்டு காதும் பெருசா, கண்ணு அதை விடப் பெருசா. அம்மாக்காரி வண்டியில அடிபட்டுச் செத்துட்டாளாம். குட்டி வயித்துப் பைக்குள்ள உசுரோட இருந்துச்சாம்.

"பிடிச்சுப் பாரு கண்ணு"ன்னு நிர்ஜலா கையில குடுத்தா. துணிக்கு உள்ள வெதுவெதுன்னு... நெஞ்சு படபடன்னு அடிக்குது. அப்பப்ப ஒரு சத்தம் வேற. நாய்க்குட்டியைக் கூப்பிட நாக்கைத் தட்டுவோமே, அது மாதிரி. த்ச்... த்ச்...

"அம்மாவைக் கூப்பிடுது. நான்தான் இப்ப அம்மா"ன்னா மார்லீன். அப்புறம் கறாரா சொன்னா. "ராத்திரில இந்த ரோட்ல ஓட்டாதீங்க. ஓட்டி ஏதாவது அடிபட்டுச்சுன்னா, நிறுத்துங்க. பையைப் பாருங்க. குட்டி இருந்தா இதுல போட்டுக் கொண்டு வாங்க. அர்த்த ராத்திரியானாலும் கதவைத் தட்டுங்க."

மடிச்சு வச்சிருந்த இன்னொரு உறையை எடுத்துக் குடுத்தா. அதுவும் நீலப்பூ போட்டதுதான். செத்த மிருகம் மேல ரோஸ் பெயிண்ட்ல பெருக்கல் குறி இருந்தா, யாரோ பையைப் பார்த்தாச்சுன்னு அர்த்தம், குறி இல்லேன்னா யாரும் பார்க்கலைன்னு அர்த்தம்னும் சொல்லி அனுப்பினா.

நிர்ஜலா அவ கையைப் பிடிச்சுட்டு, "கண்டிப்பா நிறுத்துவேன்"னா. மனசாரத்தான் சொன்னா, பாவம்.

ஆனா ஏரியில போட்டோ எடுத்து, அம்மாவுக்கு வீடியோ எடுத்து, கொண்டு போன அவலையும் உருளைக்கிழங்கு ஊறுகாயையும் கரையில உக்காந்து தின்னு முடிக்கிறதுக்குள்ள பொழுது சாஞ்சுபோச்சு. இருட்டினப்புறம் டவுனுக்கு வெளிய ஓட்டக்கூடாது, ஓட்டி எதாச்சும் ஆச்சுன்னா இன்சூரன்ஸ் கிடையாதுன்னு வண்டிக்காரன் படிச்சுப் படிச்சுச் சொல்லித்தான் சாவியைக் குடுத்திருந்தான். அதான் கொஞ்சம் வேகமாவே வந்தா.

ஒரு வளைவு. வளைவு தாண்டினதும்...

டொப்.

பெரிய சத்தமெல்லாம் இல்ல. அரிசி மூட்டையைத் தரையில போட்டா வருமே, அவ்வளவுதான். நிர்ஜலா பிரேக்கை மிதிச்சா. வண்டி நின்னுச்சு. டயர் கருகின வாடை. இன்ஜின் சத்தம். வேற ஒண்ணும் இல்ல.

கண்ணாடியில பார்த்தா. பின் விளக்கோட சிவப்பு வெளிச்சத்துல, ரோட்டு ஓரமா ஒரு வாலபி படுத்துக் கிடக்கு. தலை அசையல. கால் அசையல. வயிறு மட்டும்... வயிறு மட்டும் உள்ளேர்ந்து யாரோ கையால தள்ற மாதிரி அசைஞ்சுச்சு.

இவ சீட் பெல்ட்டைக் கழட்டிட்டா. கதவுல கை வச்சுட்டா.

"தீதி, இறங்காத!" சுபின் அவ கையைப் பிடிச்சுட்டான். "இன்சூரன்ஸ் இல்ல. போலீஸ் வரும். உன் பேரை எழுதுவாங்க. அடுத்த வாரம் உனக்கு ஆஸ்பத்திரிப் பயிற்சி. போலீஸ் சர்டிபிகேட் கேப்பாங்கல்ல? எல்லாம் போயிடும் தீதி. விசாவே போயிடும். உன் அப்பா நிலத்தை வித்து அனுப்பியிருக்காரு."

ஒண்ணும் போகாதுன்னு இப்ப நமக்குத் தெரியும். வாலபி அடிபட்டதுக்கு எவன் விசாவைப் புடுங்குறான்? ஆனா வந்த புதுசுல நமக்கெல்லாம் என்ன தெரிஞ்சுச்சு? லைப்ரரி புஸ்தகத்தை லேட்டா குடுத்ததுக்கே ஊருக்கு அனுப்பிடுவானோன்னு ரெண்டு நாள் சோறு இறங்காம கிடந்தவன்தானே நீ, சார்லஸ்.

"குட்டி இருக்கா தீதி?"ன்னு கேட்டான் சுபின். அவன் பக்கத்துக் கண்ணாடியில ஒண்ணும் தெரியல. இவ பார்த்துச் சொல்லணும்.

நிர்ஜலா இன்னொரு தடவை பார்த்தா. நல்லாவே பார்த்தா.

"இல்ல பாபு"ன்னா. "ஆண்தான். ஆணுக்குப் பை கிடையாது."

சுபின் பெருமூச்சு விட்டான். இவ கியரைப் போட்டா. ஜன்னல் கண்ணாடி இறங்கி ஒரு விரல் அளவு திறந்திருந்துச்சு. அது வழியா... த்ச்... த்ச்... இவ கண்ணாடியை ஏத்திட்டா.

அப்புறம் என்ன ஆச்சு? ஒண்ணும் ஆகலை. அதான் கொடுமை. பம்பர்ல சின்னக் கீறல், தண்ணி ஊத்திக் கழுவினா போயிடுச்சு. வண்டிக்காரன் சாவியை வாங்கிட்டு ‘டூர் நல்லா இருந்துச்சா’ன்னு கேட்டான். போலீஸ் வரலை. சர்டிபிகேட் வந்துச்சு. பயிற்சியும் கிடைச்சுது. அந்தப் பூப்போட்ட உறையை மடிச்சு, ஸ்வெட்டருக்கு அடியில, டிராயர்ல போட்டு மூடினா.

மறுநாள் ராத்திரி முழிப்பு வந்துச்சு. ரூம்ல ஒரு வாடை. ஈரப்புல்லும் புளிச்ச பாலும் கலந்த வாடை. லைட்டைப் போட்டா. உறை கதவுக் கைப்பிடியில தொங்குது.

தூக்கத்துல நாமளே மாட்டியிருப்போம்னு நினைச்சு, திரும்ப மடிச்சு வச்சா. அடுத்த நாளும் தொங்குது. அதுக்கு அடுத்த நாளும். காத்தே இல்லாத ரூம். உறை மட்டும் இப்படி... லேசா... ஆடுது. கையை உள்ள விட்டுப் பார்த்தா. ஒண்ணும் இல்ல. ஆனா துணி வெதுவெதுன்னு இருக்கு.

கூட இருந்த பொண்ணுங்க, "குளிருக்கு ஹீட்டர் போட்டிருக்கோம், வெதுவெதுன்னு இல்லாம ஐஸ் மாதிரியா இருக்கும்?"னு கேலி பண்ணுச்சுங்க. இவளும் சிரிச்சு வச்சா. உண்மையைச் சொல்லணும்னு தொண்டை வரைக்கும் வரும், முழுங்கிடுவா.

பகுதி நேரமா ஒரு முதியோர் இல்லத்துல வேலை பார்த்தா. அங்க எட்னான்னு ஒரு வயசான அம்மா. பெத்த மகனையே அடையாளம் தெரியாது. ஒரு நாள் அவங்களுக்கு இவ சூப்பு ஊட்டிட்டு இருக்கா. அந்தம்மா வாயைத் திறக்கல. இவ வயித்தையே பார்க்குறாங்க. அப்புறம் ஸ்பூனைப் பிடிச்சு, மெதுவா இவ பக்கமே திருப்பினாங்க.

"முதல்ல அதுக்குக் குடு"ன்னாங்க. "எவ்வளவு நேரமா கூப்பிடுது."

ஸ்பூன் கீழ விழுந்துடுச்சு. இவ பாத்ரூமுக்கு ஓடிப்போய்க் கதவைச் சாத்திட்டு அழுதா.

அந்த சனிக்கிழமையே கிளம்பினா. தெரிஞ்சவங்க வண்டியைக் கேட்டு வாங்கி, தன்னந்தனியா. பட்டப்பகல். உறை பக்கத்து சீட்ல. அந்த வளைவு வந்துச்சு. நிறுத்தினா. இந்தத் தடவை நிறுத்தினா.

அது அங்கயே கிடந்துச்சு. காஞ்சு, காக்கா கொத்தி... மேல ரோஸ் பெயிண்ட்ல பெருக்கல் குறி.

நிர்ஜலா ரோட்லயே உக்காந்துட்டா. யாரோ வந்திருக்காங்க! பையைப் பார்த்திருக்காங்க! குட்டியை எடுத்துட்டுப் போயிருப்பாங்க! ‘பொழச்சுருச்சு, பொழச்சுருச்சு’ன்னு வாய் விட்டே சொன்னா. அத்தனை நாள் நெஞ்சுல கிடந்த கல்லு இறங்கிடுச்சு. நேரா வண்டியை விட்டா மார்லீன் கடைக்கு.

"அந்த வளைவுல குறி போட்டது நீங்கதானா?"ன்னு கேட்டா. மூச்சு வாங்குது.

"ஆமா கண்ணு. இந்த ரோட்ல பெயிண்ட் அடிக்கிறது நான் ஒருத்திதான். ஈஸ்டர் அன்னிக்கு விடியக்காலைல பார்த்தேன்."

"குட்டி?"

மார்லீன் துணியை எடுத்து மேசையைத் துடைக்க ஆரம்பிச்சா. "பை காலியா இருந்துச்சு. பால் காம்பு நீளமா தொங்குது, அப்ப குட்டி இருந்திருக்கணும்ல? தேடினேன். முந்தின ராத்திரி பனி வேற உறைஞ்சு கிடந்துச்சு. பாவம்... தானா வெளிய வந்து நடந்திருக்கு. காட்டுப் பக்கம் போகலை. ரோட்டோட நடந்திருக்கு. அடுத்த வளைவுல கிடந்துச்சு."

"எந்தப் பக்கம்?"

"லான்செஸ்டன் பக்கம். எவனோ ஒருத்தன் நிறுத்தியிருக்கான். டயர் தடம் இருந்துச்சு. நிறுத்தி, பார்த்துட்டு, கிளம்பிட்டான். அந்தச் சிவப்பு விளக்கு பின்னாடியே போயிருக்கு. அம்மா போறான்னு நினைச்சுச்சோ என்னமோ."

கடையில வேற யாரும் இல்ல. மார்லீன் துடைக்கிறதை நிறுத்திட்டா.

"நீங்களும் முந்தின நாள் சாயங்காலம் அந்தப் பக்கமாதானே போனீங்க? எதாவது பார்த்தீங்களா?"

சொல்லியிருக்கலாம். அந்தம்மா கடிச்சா தின்னுடப் போறா? ஆனா ஒரு தடவை பொய் சொன்ன வாய்...

"இல்லையே"ன்னா நிர்ஜலா. "வெளிச்சத்துலயே போயிட்டோம். நான் இதைத் திருப்பிக் குடுத்துட்டுப் போகத்தான் வந்தேன். தேவைப்படல."

தலகாணி உறையை நீட்டினா. மடிச்சது மடிச்சபடி, காலித் துணி.

மார்லீன் வாங்கினா. வாங்கினவ கை... சட்டுனு கீழ இறங்குச்சு. வெயிட்டு தாங்காத மாதிரி. அடுத்த நொடி இன்னொரு கையை அடியில குடுத்துத் தாங்கினா. அன்னிக்குக் குட்டியைத் தாங்கின அதே மாதிரி.

உள்ள பார்க்கலை. நிர்ஜலாவைப் பார்த்தா. கோவப்பட்டிருந்தாக்கூட இவ தாங்கியிருப்பா. மார்லீன் முகத்துல கோவம் இல்ல.

மெதுவா கல்லாப்பெட்டியைச் சுத்தி வந்தா. உறையை நிர்ஜலா கையிலயே திருப்பி வச்சு, அவ ரெண்டு கையையும் எடுத்து அடியில குடுத்தா.

"தலை மேல இருக்கணும்"னா. "மாட்டுப்பால் ஆகாது. பவுடர் தரேன். ராத்திரில ரெண்டு தடவை எழுந்திருக்கணும்."

அவ்வளவுதான் சொன்னா.

வருஷம் நாலாச்சு. நிர்ஜலா இப்ப நர்ஸ். நல்ல வேலை. அவ வண்டி ஓட்டுறதில்ல, எங்க போனாலும் பஸ்தான். போன குளிர்காலத்துல டிப்சன் அவ வீட்டுக்குப் போய் ரெண்டு நாள் தங்கினான். ராத்திரி தண்ணி குடிக்க எழுந்து வந்திருக்கான். சமையலறையில லைட் எரியல. பிரிட்ஜ் கதவு திறந்திருக்கு, அந்த வெளிச்சத்துல அவன் தீதி தரையில உக்காந்திருக்கா. மடியில பூப்போட்ட உறை. கையில சின்னப் பால் பாட்டில், அதோட காம்பை உறை வாய்க்குள்ள விட்டுப் பிடிச்சிருக்கா. ஏதோ முணுமுணுக்குறா. கிட்டப் போனான்.

"நின்னுட்டேன் பாபு... பாரு, நின்னுட்டேன்... எங்கயும் போகலை..."

இதையேதான் திரும்பத் திரும்பச் சொல்லிட்டு இருந்தாளாம். டிப்சன் குனிஞ்சு பார்த்தான். உறை தட்டையா கிடக்கு. உள்ள ஒண்ணும் இல்ல. துணி ஈரமாகலை, தரையும் ஈரமாகலை.

பாட்டில்ல பால் மட்டும் இறங்கிட்டே இருந்துச்சாம்.