ராட்னிக்கு நான் எடுத்துக் கொடுத்த நட்டுகள்

நட்டு வாங்குவதில் அவசரம் கூடாது, சார்ஜென்ட். உங்கள் காரில் என்ன நட்டு இருக்கிறதென்று உங்களுக்குத் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. அறுபது வருடப் பழைய கார் வைத்திருப்பவனுக்குத் தெரிந்தாக வேண்டும்.

இந்த ஷ்ரோப்ஷர் மாவட்டத்தில் எங்கள் பழைய கார் சங்கத்துக்கு இருபத்தெட்டு வருடமாக நான்தான் தொழில்நுட்ப ஆலோசகர். ராட்னி ஃபென்விக் சேர்ந்து மூன்று வருடம்கூட ஆகவில்லை. ஓய்வு பெற்ற பல் மருத்துவர். பச்சை நிறத்தில் கூரையில்லாத கார் ஒன்றை வாங்கினார். அதே வாரம் தோல் கையுறையும் தட்டைத் தொப்பியும் வாங்கினார். சக்கர மூடிகளைப் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்ப்பார். தொழில் புத்தி விடவில்லை போலும்.

அந்தக் காரில் பின்சக்கரம் ஒவ்வொன்றையும் அச்சோடு பிடித்து வைத்திருப்பது ஒரே ஒரு பெரிய நட்டு. இடப்பக்கத்து மரை தலைகீழ், வழக்கத்துக்கு எதிர்ப்பக்கமாகத் திருப்பினால்தான் கழலும். சங்க இதழில் நான் அதைப் பற்றி எழுதியபோது இடமும் வலமும் மாறிப்போனது. அச்சுப் பிழை. வருடாந்திர விருந்தில் ராட்னி எழுந்து நின்றார்.

"லயனல் எழுதின பக்கமே திருப்பினேங்க. நட்டு கழலல, என் தோள்தான் கழண்டுச்சு."

நாற்பது பேர் சிரித்தார்கள். அவர் மனைவி மொரீன் மட்டும் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குக் கோபமில்லை. அறியாதவர்கள் சிரிப்பதற்கெல்லாம் கோபப்பட்டால் சங்கம் நடத்த முடியாது.

ஏப்ரலில் அவரே என் பட்டறைக்கு வந்தார்.

"பின்சக்கரத்து நட்டு ரெண்டும் தேஞ்சிருச்சு, லயனல். கடைப் பட்டியல்ல மூணு தினுசு போட்டிருக்கான். ஒரு எழவும் புரியல. நீங்களே நல்லதா பாத்துக் குடுங்களேன். அன்னைக்குப் பேசினத மனசுல வச்சுக்காதீங்க."

"எதச் சொல்றீங்க?" என்றேன்.

சரியான நட்டு எதுவென்று இப்போது சொல்கிறேன். தலையில் பள்ளம் வெட்டியது. பள்ளத்தின் வழியாக ஒரு கம்பியைச் செருகி மடக்கிவிட்டால் உலகமே குலுங்கினாலும் அது திரும்பாது. இன்னொரு வகைக்கு உள்ளே நைலான் வளையம் உண்டு. மரையை இறுகக் கவ்வும், ஆனால் ஒரே ஒரு முறைதான். கழற்றியதை மறுபடி மாட்டக் கூடாது. பல் மருத்துவர்களுக்கு இது தெரியாது.

உடைத்துப் போட்ட ஒரு காரிலிருந்து எடுத்த நைலான் நட்டுகள் இரண்டு என்னிடம் இருந்தன. மூன்று முறை கழற்றி மாட்டியவை. வளையம் வழவழவென்று தேய்ந்திருந்தது. அவற்றைப் பெட்ரோலில் கழுவினேன். தேய்த்துப் பளபளப்பாக்கிப் புதுப் பையில் போட்டேன். ராட்னிக்குப் பளபளப்பு பிடிக்கும்.

"ரொம்ப முறுக்காதீங்க, மரை போயிரும். கை பலமே போதும்," என்றேன்.

"நீங்க சொன்னா சரிதான்," என்றார். முதல்முறையாக.

மே மாதம் சங்கத்தின் ஞாயிறு கார் ஊர்வலத்துக்கு மதுக்கடை முற்றத்தில் கூடினோம். மொரீனுக்கு இடுப்பு வலி. எப்போதும் தன் சொந்தக் காரில்தான் பின்னால் வருவாள். அன்று நல்ல வெயில். பிளாஸ்க்கிலிருந்து எனக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தாள்.

"இன்னைக்கு நானும் அவர் கார்லயே ஏறிக்கப் போறேன், லயனல். நட்டு நீங்க குடுத்ததாமே. இனிமே எனக்கென்ன பயம்?"

தலைமுடிக்குத் துணி கட்டிக்கொண்டு ஏறினாள். லட்லோ ஊருக்குள் இறங்கும் சாலையில் இடது பின்சக்கரம் கழன்று தனியாக ஓடியது. கார் கல்சுவரில் மோதியது. ராட்னி பிழைத்துக்கொண்டார். அவள் பிழைக்கவில்லை.

அவள் கதவைச் சாத்தும்போது நான் ஏன் தடுக்கவில்லை என்று நீங்கள் மூன்று தடவை கேட்டுவிட்டீர்கள். தடுத்திருக்கலாம். ஒரு வார்த்தை போதும். ஆனால் முற்றத்தில் சங்கமே நின்றிருந்தது, சார்ஜென்ட். நான் தேர்ந்தெடுத்துக் கொடுத்த நட்டில் தவறு இருக்கிறதென்று அத்தனை பேர் முன்னால் நானே எப்படிச் சொல்வது?