தொண்ணூற்றொரு விழுக்காட்டில் நின்ற போர்டு

ஊர் மன்றத்தின் தலைவராகவும் இந்த மேடையின் தலைவராகவும் வீற்றிருக்கும் வெர்னா அம்மையார் அவர்களே, மண்மூட்டை சுமந்து தோள் தேய்ந்த பெரியோர்களே, அந்தத் தோள்களுக்குத் தைலம் தேய்த்துவிட்டு மறுநாளும் அனுப்பிவைத்த தாய்மார்களே, இந்தத் தேவாலயக் கூடத்தில் இடமில்லாமல் சுவரோரம் நிற்கும் நண்பர்களே, உங்கள் அனைவருக்கும் மேரன் டிவெய்ட்டின் பணிவான வணக்கம்.

என் அப்பா சர்க்கரை பீட் கிழங்கு ஏற்றும் லாரி ஓட்டுகிறவர். எங்கள் வீட்டிலிருந்து கல்லூரி வாசலை மிதித்த முதல் கால் என்னுடையது. படிக்கப் பழகினேன், பேசப் பழகவில்லை. என் குரல் நடுங்கினால் ஒலிபெருக்கியைக் குறை சொல்லாதீர்கள்.

பின் வரிசையில் யாரோ "கேக்கல" என்கிறார். அது கர்ட்டிஸ் பிரெக்கி. ஊரின் சின்னக் கணினிகளுக்கெல்லாம் பதினாறு வருடமாகக் காவல். சமீபத்தில் அவரிடம் உதவிக்குச் சேர்ந்தவள் நான். கர்ட்டிஸ், உங்களுக்குக் கேட்கத்தான் போகிறது; கொஞ்சம் பொறுங்கள்.

ஏப்ரலில் நம் ரெட் ஆறு கேட்டது ஒரே ஒரு கேள்வி. தெற்கு வளைவில் எத்தனை அடி? சாலை மூழ்கிவிட்டது, நடந்து போய்ப் பார்க்க முடியாது. படகு விட முடியாது, பனிக்கட்டி கிழித்துவிடும். அங்கே இருந்தது என்ன? ஒரு கம்பம். கம்பத்தில் ஒரு பெட்டி. பெட்டிக்குள் போர்டு என்று நாங்கள் சொல்லும் உள்ளங்கை அளவுக் கணினி, ஒரு கேமரா. வெயிலில் ஊறும் சொற்ப மின்சாரத்தில் ஆற்றைப் படம் பிடித்து, அடியை அளந்து, காற்றில் சொல்லி அனுப்பும். அப்படி ஆறு கம்பங்கள்.

அவை பனிக்கட்டியின் விளிம்பைத் தண்ணீர் என்று சொல்லத் தொடங்கின. படம் படிக்கும் மென்பொருளின் புதிய பதிப்பு அந்தக் குழப்பத்தைத் தீர்க்கும். ஆனால் அது மலை போன்ற மென்பொருள். நம் போர்டுக்கென்று ஆயத்தமாக எங்கும் கிடைக்காது. மூலநிரலை வாங்கி, போர்டுக்குப் புரியும் ஆணைகளாக நாமே வரிக்குவரி மாற்றி, கம்பைல் செய்தாக வேண்டும். கர்ட்டிஸ் பள்ளியின் பெரிய கணினியில் நாற்பது நிமிடத்தில் அதை முடித்தார். மேசையிலிருந்த போர்டில் ஓட்டிப் பார்த்தார். ஓடியது. திங்கள் காலை ஆறு கம்பங்களுக்கும் அனுப்பினார்.

ஆறும் அணைந்தன.

ஏன்? மேசையிலிருந்தது புது ரகம். கம்பத்திலிருந்தது பழைய ரகம். புதியதற்கு மட்டுமே தெரிந்த ஆணைகளைப் பழையதன் வாயில் திணித்தோம். பழையது என்ன செய்யும்? 'இப்படி ஓர் ஆணை எனக்குத் தெரியாது' என்று ஒரு வரி எழுதிவிட்டுச் சாய்ந்தது. அளக்கும் வாய்தான் மூடியது; நாம் அனுப்புவதை வாங்கும் காது திறந்தே இருந்தது.

திருத்த நினைத்தபோது பள்ளிக்கூடம் காலியாகிக்கொண்டிருந்தது. பெரிய கணினி வெள்ளத்துக்குப் பயந்து லாரியில் மேட்டு நிலத்துக்குப் போய்விட்டது. கையில் மிஞ்சியது பழைய ரகத்தில் உதிரியாக ஒரே ஒரு போர்டு. மலையை அந்த எறும்பின் தலையில் ஏற்றினோம். செவ்வாய் காலை பதினொரு மணி.

வெர்னா அம்மையார் வந்து நின்றார்.

"எப்ப முடியும்?"

"நாளைக்குச் சாயங்காலம்," என்றார் கர்ட்டிஸ். "அதுக்கு மேல அத வெரட்ட முடியாதுங்க."

"உங்க மெஷின் கதை எனக்கு வேணாம் கர்ட்டிஸ். முதியோர் இல்லத்துல நாப்பத்தியொரு பேர். இந்தக் குளிர்ல தேவையில்லாம நகத்துனா ரெண்டு பேராவது போயிடுவாங்க. நகத்தாம வெச்சு கரை தாண்டுச்சுன்னா எல்லாரும். வியாழக்கிழமை மத்தியானம் பாலத்த மூடுறாங்க. அதுக்கு முன்னால நம்பர் சொல்லுங்க."

அந்த நாற்பத்தொருவரில் ஒருவர் ஆர்டிஸ். கர்ட்டிஸின் அம்மா. ஆக்ஸிஜன் குழாயோடு இருப்பவர்.

புதன் மதியம் இரண்டு மணி. இருபத்தேழு மணி நேரம் கடந்து, திரையில் தொண்ணூற்றொரு விழுக்காடு. அப்போது ஒரு பெரிய கோப்பு வந்தது. அடுத்த கணம் 'கொல்லப்பட்டது' என்று ஒரு சொல். ஓட்டம் நின்றது.

கர்ட்டிஸ் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "கெட்டுப்போச்சு. தொடச்சிட்டு மொதல்லேருந்து போடுவோம்."

இந்தத் தொழில்காரர்கள் எல்லோருக்கும் உள்ள கைப்பழக்கம் அது. பிழை வந்தால் துடை, துடைத்துவிட்டுத் தொடங்கு. பெரிய கணினியில் அதற்கு நாற்பது நிமிடம்தான் விலை. இங்கே? வியாழன் இரவு. பாலம் மூடி எட்டு மணி நேரம் கழித்து.

அவர் விரல் அழிக்கும் ஆணையை அடித்து முடித்தது. ஒரு தட்டு பாக்கி.

என் கை கீபோர்டின் மேல் இருந்தது. எப்படிப் போனது என்று எனக்கே தெரியாது.

"கைய எடு மேரன். வெளையாடுற நேரமா இது?"

"எடுக்க மாட்டேன். ஒண்ணும் கெடல. மெமரி பத்தல, அவ்வளவுதான். நாலு வேலைய ஒரே நேரத்துல குடுத்திருக்கீங்க. ஒண்ணொண்ணா குடுங்க. முடிஞ்சதெல்லாம் அப்படியே இருக்கு, விட்ட எடத்துலேருந்து போகும்."

"போகலன்னா?"

"போகலன்னா உங்கம்மாகிட்ட நான் சொல்றேன்."

அவர் என்னை வெறித்துப் பார்த்தார். பிறகு எழுந்து நாற்காலியைத் தள்ளிவிட்டார். "உக்காரு. நீயே போடு."

ஒவ்வொரு வேலையாகக் கொடுத்தேன். தொண்ணூற்றொன்று தொண்ணூற்றொன்றாகவே நின்றது. ஒரு மணி நேரம் நின்றது. ஆறு நின்றதா? நிற்கவில்லை. கரை வளர்ந்ததா? வளரவில்லை. கர்ட்டிஸ் போர்டுக்கு முன்னால் ஒரு மின்விசிறியை வைத்துவிட்டு, தன் அம்மாவுக்குச் சாப்பிடச் சூடாக ஹாட்டிஷ் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, திரும்பி வந்து பக்கத்தில் அமர்ந்தார். மூன்று மணி அடித்தது. தொண்ணூற்றிரண்டு.

வியாழன் காலை எட்டு இருபதுக்கு முடிந்தது. ஒன்பது மணிக்குத் தெற்குக் கம்பம் வாய் திறந்தது. முப்பத்தெட்டு அடி நான்கு அங்குலம். மணிக்கு நான்கு அங்குலம் ஏற்றம். நம் கரை நாற்பது அடி. வெர்னா அம்மையார் விரல் விட்டு எண்ணினார், ஐந்து விரல், ஐந்து மணி நேரம். "பஸ்ஸ எடுங்க," என்றார்.

பன்னிரண்டு மணிக்குள் நாற்பத்தொரு பேரும் பாலத்தைக் கடந்தார்கள். இரண்டு நாற்பதுக்கு அந்த இல்லத்தின் சாப்பாட்டு அறையில் முழங்கால் அளவு தண்ணீர்.

கை தட்டாதீர்கள். தயவுசெய்து தட்டாதீர்கள், நான் இன்னும் முடிக்கவில்லை.

இந்தக் கேடயத்தை எனக்குத் தருவதாக அழைத்திருக்கிறீர்கள். வாங்குவதற்கு முன் ஒன்று சொல்ல வேண்டும். முந்தைய சனிக்கிழமை கம்பத்துப் பெட்டிகளைத் திறந்து சுத்தம் செய்தவள் நான். உள்ளே இருந்தது பழைய ரகம் என்று எனக்குத் தெரியும். திங்கள் காலை மேசையில் புது ரகத்தில் சோதித்ததையும் பார்த்தேன். வாய் திறந்தேன். பதினாறு வருட அனுபவத்துக்கு முன்னால் நேற்று வந்தவள் என்ன சொல்வது? மூடிக்கொண்டேன். மூன்று நாள் இந்த ஊரைக் குருடாக்கியதில் என் மௌனத்துக்கும் பங்கு உண்டு. ஊர் அறிய இதைச் சொல்லாமல் எந்தக் கேடயத்தை நான் தொடுவேன்? எந்தக் கையால் தொடுவேன்?

அடுத்த ஏப்ரல் வரும். ஆறு வரும். அதற்குள் ஒரு நடைமுறை வையுங்கள். எதை அனுப்பினாலும், அதற்கு முன் அறையிலிருக்கும் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். கடைசி நாற்காலியில் இருப்பவளையும் கேளுங்கள். கேட்டால் சொல்லிவிடுவாள்.

முன் வரிசையில் ஆர்டிஸ் அம்மா இருக்கிறார். அம்மா, நான் பார்த்தேன், சொல்லவில்லை. என்னை மன்னிக்க வேண்டும்.

அவர் கையசைக்கிறார். என்ன சொல்கிறார் கர்ட்டிஸ்? சத்தமாகச் சொல்லுங்கள், எல்லோருக்கும் கேட்கட்டும்.

"அடுத்த தடவ கத்திச் சொல்லச் சொல்றாங்க. அவங்களுக்குக் காது மந்தமாம்."

கத்துகிறேன் அம்மா. வாய்ப்பளித்த தலைவருக்கும், வந்து அமர்ந்த உங்களுக்கும், வராமல் கரையில் காவல் நிற்பவர்களுக்கும் என் நன்றி. வணக்கம்.