குறையாத கையிருப்பு

எங்கள் வீட்டில் உப்பு தீர்ந்து நான் பார்த்ததில்லை. ஒரு பாக்கெட்டைப் பிரிக்கும்போதே அடுத்ததை வாங்கி வைத்துவிடுவேன். கேஸ் சிலிண்டரும் அப்படித்தான். என் மனைவி ஜெயசுதா பக்கத்து வீட்டுக்காரர்களிடம், "எங்க வூட்டுக்காரரு இருக்குறவரைக்கும் நான் கடைக்கு ஓட வேண்டியதே இல்லங்க" என்று பெருமையாகச் சொல்வாள். இதை ஏன் சொல்கிறேன் என்றால், நான் பொறுப்பில்லாதவன் என்று பத்திரிகையில் எழுதியிருக்கிறார்கள். அது தவறு, மேடம். நடந்தது எதுவும் பொறுப்பின்மையால் நடக்கவில்லை. விசாரணைக்காக எல்லாவற்றையும் எழுதித் தரச் சொன்னீர்கள். எழுதுகிறேன்.

என் பெயர் தமிழ்மாறன். பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் சாலையில் இருக்கும் அவசரகால மருந்து மையத்தின் பொறுப்பாளர். கொரோனா மாதிரி ஒன்று மறுபடி வந்தால் இரண்டு மாவட்டங்களும் கையைப் பிசைந்துகொண்டு நிற்கக்கூடாது என்பதற்காகக் கட்டிய மையம் அது. தொற்றுக்கு, விஷத்துக்கு, வெள்ளத்துக்கு, தொழிற்சாலை விபத்துக்கு என்று தனித்தனியாக மருந்து அடுக்கியிருப்போம்.

கொரோனாவின் இரண்டாம் அலையில் நான் ஓர் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் இடத்தில் இருந்தேன். ஆலத்தியூரிலிருந்து ஒருவர் வந்தார். சிமெண்டு லாரி ஓட்டுகிறவர். மனைவி உள்ளே படுத்திருந்தார். ஊசி மருந்து கேட்டார். இல்லை என்றேன். நம்பவில்லை. ஃபிரிட்ஜைத் திறந்து காட்டினேன். கொஞ்ச நேரம் உள்ளே பார்த்தார். சண்டை போடவில்லை. "கரண்டு வீணாவுது சார்" என்று அவரே கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போனார்.

அந்த மாதம் மற்றவர்கள் எல்லாரும் சாவைப் பார்த்தார்கள். நான் பார்த்தது காலியான ஃபிரிட்ஜை. அப்படி ஒன்றை இனிமேல் என் பொறுப்பில் யாரும் பார்க்கக்கூடாது என்று அன்றைக்கே முடிவு செய்தேன். அதற்குப் பிறகு யாரும் பார்க்கவும் இல்லை.

மையத்தை நீங்கள் பார்த்தீர்கள். கூரை வரைக்கும் அட்டைப்பெட்டிகள், ஒன்றுகூடக் கோணலாக இருக்காது. வேறு மாவட்டத்து அதிகாரிகள் பார்க்க வருவார்கள், முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள். எங்களுடைய வெற்றியின் காரணம் என்ன என்று ஒருவர் மைக்கை நீட்டிக் கேட்டார். எதையும் வெளியே விடுவதில்லை என்றேன். அதை ஒரு நகைச்சுவை என்று நினைத்து எல்லாரும் கைதட்டினார்கள்.

நான் சொன்னது உண்மை. மழைக்காலத்தில் ஒரு நாள் திருமழபாடிப் பக்கத்திலிருந்து பாம்புக்கடி மருந்து கேட்டு ஆள் அனுப்பினார்கள். ஒருவரை ஒரு பாம்பு கடிப்பது அவருக்குத் துன்பம்தான். ஆனால் அது மாவட்டத்தின் அவசரநிலை ஆகாது. பொறுமையாக எடுத்துச் சொல்லி அனுப்பினேன். கடிபட்டவர் என்ன ஆனார் என்று நான் விசாரிக்கவில்லை. விசாரிப்பது என் வேலையில் சேராது.

வருஷத்துக்கு ஒரு தடவை ஒத்திகை நடத்துவோம். பெரிய ஆபத்து வந்துவிட்டது போல் வண்டி ஓடும், பெட்டி இறங்கும், ஆட்கள் நோயாளிகளைப் போலப் படுத்துக்கொள்வார்கள். அதற்கு நிஜ மருந்தைத் தூக்கி அலைந்தால் உடையும். அதனால் நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். ஊசியில் மருந்து கலக்கப் பயன்படும் சுத்தமான நீர் குப்பியில் கிடைக்கும். அதன் மேல் அசல் போலவே லேபிள் அச்சடித்து ஒட்டிவிடுவேன். பெட்டியின் மேல் மட்டும் 'ஒத்திகைக்கு' என்று ஒரு மஞ்சள் பட்டை. அச்சு அவ்வளவு சுத்தமாக வந்திருந்தது.

இனி அந்த வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன்.

குன்னம் பக்கம் மக்காச்சோளம் ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்திருந்த சமயம். படைப்புழு தாக்கியிருந்தது. புதிதாக வந்த ஏதோ கலவைப் பூச்சிமருந்தை வாங்கி, பல ஊர்க்காரர்கள் ஒரே காலையில் அடித்திருக்கிறார்கள். காற்றே இல்லை. பயிர் தலைக்கு மேல் நின்றதால், அடித்த மருந்து அடித்தவர்கள் முகத்திலேயே இறங்கியிருக்கிறது. மதியத்துக்குள் அந்தப் பக்கத்து அரசு ஆஸ்பத்திரியில் வராந்தாவிலும் ஆட்களைப் படுக்க வைத்துவிட்டார்கள்.

அந்த விஷத்துக்கு அட்ரோபின் ஊசி போட வேண்டும். ஒருவருக்கே நிறையத் தேவைப்படும். அவர்களிடம் இருந்தது சீக்கிரமே தீர்ந்துவிட்டது. அங்கிருந்த டாக்டர் வேணி எனக்கு போன் செய்தார். சின்ன வயசு, பதற்றப்படுகிற குரல்.

"சார், உங்ககிட்ட அட்ரோபின் இருக்குல்ல? உடனே அனுப்புங்க சார்."

"அவசரநிலைன்னு அறிவிப்பு வந்திருக்குங்களா மேடம்?"

"வாயில நொரை தள்ளிக்கிட்டுக் கெடக்குறாங்க சார். இதவிட என்ன அவசரம்?"

"அத நீங்க சொல்லக் கூடாதுங்க. மேலருந்து சொல்லணும்."

அவர் மேலே பேசினார். அரை மணி நேரத்தில் மேலதிகாரி என்னைக் கூப்பிட்டு, "எடுத்துக் குடுத்துடுங்க தமிழ்மாறன், ஆர்டர் பின்னாடியே வந்துரும்" என்றார். சரிங்க சார் என்றேன். எனக்கு அனுமதி வரவில்லை என்று என் வக்கீல் சொல்லப் பார்க்கிறார். அதை நம்பாதீர்கள். அனுமதி வந்தது.

சாவியை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். விஷமுறிவு மருந்துகளின் அடுக்கு முன்னால் நின்றேன். மறுநாள் சனிக்கிழமை டெல்லியிலிருந்து ஒரு குழு வருவதாக இருந்தது. நாட்டிலேயே நன்றாகத் தயார்நிலையில் இருக்கும் மையம் எது என்று தேர்ந்தெடுக்கும் குழு. இந்த அடுக்கில் கைவைத்தால் நடுவில் ஓர் ஓட்டை விழும். திரும்ப நிரப்ப மாதக்கணக்கில் ஆகும். அந்த மாதங்களில் நிஜமான ஆபத்து ஒன்று வந்தால் என்ன செய்வது? சிமெண்டு ஆலைகளும் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் இருக்கிற மாவட்டம். ஆயிரக்கணக்கான பேர் பாதிக்கப்படலாம். அந்த ஆயிரம் பேருக்காகவும் யாராவது ஒருவர் யோசிக்க வேண்டுமில்லையா?

பக்கத்து அறைக்குப் போனேன். ஒத்திகைப் பெட்டிகளில் அட்ரோபின் லேபிள் ஒட்டியவற்றை எடுத்தேன். மஞ்சள் பட்டைகளை உரித்தேன். பசை கொஞ்சம் ஒட்டிக்கொண்டு நின்றது. ஈரத்துணியால் துடைத்தேன்.

எங்கள் டிரைவர் கருப்பண்ணன் வண்டியைத் தயாராகத் திருப்பி நிறுத்தியிருந்தார். அவருடைய தம்பி வேம்பு கூலிக்கு மருந்தடிக்கப் போகிறவன். அவனும் அந்த ஆஸ்பத்திரியில்தான் கிடந்தான். பெட்டிகளைக் கருப்பண்ணன் ஒரு குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கி வைத்தார். வழியெல்லாம் ஹாரனில் இருந்து கையை எடுக்கவில்லை. லாரிகள் ஒதுங்கி வழிவிட்டன.

"நீங்க மட்டும் இல்லன்னா என்ன ஆவுறது சார். எங்க குடும்பமே ஒங்களுக்குக் கடன்பட்டுருக்கு" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டே ஓட்டினார். ரோட்டைப் பார்த்து ஓட்டச் சொன்னேன். பாதுகாப்பு முக்கியம்.

ஆஸ்பத்திரி வாசலில் ஆம்புலன்ஸ் ஒன்று கிளம்பத் தயாராக நின்றது. மோசமாக இருந்தவர்களைத் திருச்சிக்கு அனுப்ப ஏற்றியிருந்தார்கள். எங்கள் வண்டியைப் பார்த்ததும் டாக்டர் வேணி ஓடி வந்தார். "மருந்து வந்துருச்சு, எறக்குங்க. வழியில தாங்க மாட்டாங்க, இங்கயே பாத்துக்கலாம்" என்று கத்தினார். அப்படி இறக்கப்பட்டவர்களில் வேம்புவும் ஒருவன். திருச்சியிலிருந்து மருந்தோடு கிளம்பிய வண்டியையும், இங்கே வேண்டாம், வேறு ஆஸ்பத்திரிக்குப் போகட்டும் என்று போனில் திருப்பிவிட்டார். அது அவர் எடுத்த முடிவு. நான் எதுவும் சொல்லவில்லை.

நான் உடனே திரும்பிவிடவில்லை. உதவிக்கு நின்றேன். டாக்டர் ஊசி போட்டுவிட்டுக் கண்ணைப் பார்க்க வேண்டும். மருந்து வேலை செய்தால் கருமணி விரியும். வெளிச்சம் போதவில்லை என்றார். என் செல்போன் விளக்கைப் பிடித்தேன். விரியவில்லை. இன்னும் போட்டார். மறுபடியும் பிடித்தேன். வேம்பு என் மணிக்கட்டைப் பற்றிக்கொண்டான்.

"மருந்து வந்துருச்சுல்ல சார்?"

"வந்துருச்சுப்பா. தைரியமா இரு."

அந்த நேரத்தில் அவனுக்குத் தேவைப்பட்டது தைரியம். அதை என்னால் கொடுக்க முடிந்தது. இன்னொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். அவர்கள் உடம்பில் ஏறியது சுத்தமான நீர். அது யாருக்கும் ஒரு கெடுதலும் செய்யாது.

வெயில் தாழ்வதற்குள் வேம்பு போய்விட்டான். அவனோடு சேர்த்து ஐந்து பேர். எதுவும் சரிப்படவில்லை என்று தெரிந்ததும் டாக்டர் மிச்சம் இருந்தவர்களைத் திருச்சிக்கு அனுப்பினார். அவர்கள் பிழைத்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். சந்தோஷம்.

கருப்பண்ணன் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று கேட்டார். "நான் இன்னும் வெரசா ஓட்டியிருந்தா தம்பி பொழச்சிருப்பானா சார்?"

"இல்ல கருப்பண்ணன். நீங்க எவ்வளவு வேகமா வந்திருந்தாலும் ஒண்ணும் மாறியிருக்காது" என்றேன். அவர் மனசுக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது. அவரிடம் நான் பொய் சொல்லவும் இல்லை.

சனிக்கிழமை குழு வந்தது. மாலை, பொன்னாடை, இளநீர். அடுக்குகளைப் பார்த்து ஆச்சரியப்பட்டார்கள். நேற்று ஒரு விபத்தாமே, அதன் பிறகும் எப்படி இவ்வளவு நிறைவாக இருக்கிறது என்று ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. திட்டமிடல் என்றேன்.

அப்போதுதான் டாக்டர் வேணி உள்ளே வந்தார். முந்தின நாள் உடுத்தியிருந்த அதே புடவை. காவலாளி தடுத்தும் நிற்கவில்லை. நேராக என் முன்னால் வந்து முகத்தை நிமிர்த்தினார்.

"என் கண்ணப் பாருங்க சார்."

பார்த்தேன்.

"நேத்து நீங்க குடுத்ததுல மிச்சம் இருந்தத என் வலது கண்ணுல ஊத்திக்கிட்டேன். அட்ரோபின்னா ஒரு மணி நேரத்துல கருமணி விரிஞ்சிருக்கணும். ராத்திரி முழுக்கக் கண்ணாடி முன்னாடி உக்காந்திருந்தேன் சார். ரெண்டு கண்ணும் ஒரே மாதிரிதான் இருக்கு. என்ன குடுத்தீங்க எங்களுக்கு?"

"இவங்க போகட்டும் மேடம், பேசிக்கலாம்" என்றேன்.

அவர் விஷமுறிவு அடுக்குக்குப் போய் ஒரு பெட்டியை இழுத்து, சீலைக் கிழித்து, ஒரு குப்பியை எடுத்தார். என் பணிக்காலத்தில் யார் மேலும் நான் கை ஓங்கியதில்லை. அன்று அவரைப் பிடித்துத் தள்ளிவிட்டேன். ரேக்கில் மோதி நெற்றி கிழிந்துவிட்டது. அதற்காக வருந்துகிறேன். ஆனால் சீல் வைத்த பெட்டியை அவர் கிழித்தார் என்பதும் பதிவாக வேண்டும்.

ஆக, நீங்கள் கேட்பதை நேராகவே எழுதிவிடுகிறேன். மருந்து இருந்தது. கொடுக்க உத்தரவும் இருந்தது. இரண்டும் தெரிந்தேதான் நான் தண்ணீரை மருந்தென்று கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்த ஐந்து பேரும் என்னால் செத்தார்கள். யாரும் என்னைத் தூண்டவில்லை, நான் யாரிடமும் எதுவும் வாங்கவில்லை. இதில் கையெழுத்துப் போடுவதில் எனக்குத் தயக்கம் இல்லை.

மையத்துக்கு உங்கள் ஆட்கள் பூட்டுப் போட்டு சீல் வைத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். நிம்மதியாகத் தூங்கினேன். இனி யாரும் உள்ளே போய் எதையும் எடுக்க முடியாது.

நேற்று நீங்கள் ஒன்று கேட்டீர்கள். அந்த அட்ரோபின் முழுவதும் இந்த மாதக் கடைசியோடு காலாவதி ஆகிறதே, எப்படியும் குழிதோண்டிப் புதைக்கப்போகிறதைக் கொடுத்திருந்தால்தான் என்ன என்று. அதை யோசித்துப் பார்த்தேன். மாதம் முடிய இன்னும் நாள் இருக்கிறது, மேடம். அதற்குள் ஏதாவது அவசரம் வந்தால்?