சுருட்டை விட்ட பிறகு

இல்லை டாக்குத்தர் ஐயா, பிள்ளை நித்திரை. எழுப்பாதேங்கோ. நான் இவருக்குத்தான் மருந்துக்கு வந்தனான். பேரோ? நான் எப்பிடி இவற்ரை பேரைச் சொல்லுறது? உந்தத் துண்டிலை கிடக்குது, பாருங்கோ. ஓம், அவர்தான், அச்சுவேலிக் கொட்டிலிலை சுருட்டுச் சுத்துறவர். தையிலை நீங்கள்தானே சொன்னனீங்கள், புகையிலைப் புகை நெஞ்சை அரிச்சுப்போட்டுது, இனித் தொடக்கூடாது எண்டு.

தொடேல்லை ஐயா. சத்தியமாய். நாள் முழுக்கச் சுருட்டோடை இருக்கிற மனிசன், ஒண்டையும் வாயிலை வைக்கேல்லை.

பிறகேன் இருமுறாரோ? அதைத்தான் சொல்ல வந்தனான். கொட்டிலிலை சீவரத்தினம் அண்ணை எண்டு ஒருத்தர். புகையிலைதான் நஞ்சு, கஞ்சா மருந்தெல்லோ எண்டவராம். கீரிமலையிலை ஆரோ சாமியாரிட்டை வாங்கிக் குடுத்தவர். நீங்களும் கஞ்சாவைப் பற்றி ஒண்டும் சொல்லேல்லைத்தானே...

கோவிக்காதேங்கோ ஐயா. முதல் நாள் கதவு திறந்துவிட்ட மாதிரி மூச்சு வந்தது, என்ரை கண்ணாலை கண்டனான். சுருட்டெண்டால் புகையை வாயிலை வைச்சிருந்து ஊதிவிடுவார். உது அப்பிடியில்லை. உள்ளுக்கு இழுத்து, மூக்கைப் பொத்திக்கொண்டு, கண் சிவக்குமட்டும் அடக்கி வைச்சிருப்பார். வெளியிலை விட்டால் வீணாம். இப்ப பழையபடி அதே இருமல், அதே கறுப்புச் சளி. இலை வேறையெண்டாலும் புகை புகைதானோ ஐயா?

பிள்ளைக்கு ஒண்டரை வயசு. குணலட்சுமி. பிறந்ததிலை இருந்து மூச்சிழுப்பு. ஐயோ, சீலையை விலத்தாதேங்கோ, காத்துப் படும். பஸ்ஸிலை இவ்வளவு சனத்துக்குள்ளையும் அழேல்லை.

காலமை இவர் வேலைக்குப் போனாப்போலைதான் இழுப்புக் கூடினது. நெஞ்சுக்குழி உள்ளுக்குப் போய்ப் போய் வருது. பக்கத்திலை ஒருத்தரும் இல்லை. இவர் பத்தின கஞ்சாக் குறைத்துண்டு ஒண்டு கூரை ஓலைக்குள்ளை செருகிக் கிடந்தது. என்ரை சீவியத்திலை நான் ஒரு பீடி தொட்டதில்லை ஐயா, வெக்கத்தை விட்டுச் சொல்லுறன். பத்தவைச்சு ஒரு வாய் இழுத்து, அவளின்ரை வாயோடை வாய் வைச்சு ஊதினனான். விட்டால் வீணெல்லோ. அதாலை மூக்கையும் வாயையும் பொத்திப் பிடிச்சனான்.

உடனை இழுப்பு நிண்டிட்டுது ஐயா. அதுக்குப் பிறகு ஒருக்காலும் இருமேல்லை.