வாங்கன்னு இன்னும் சொல்லல

இல்ல தம்பி, பூட்டல. கேட்டு சும்மா சாத்தித்தான் கெடக்கு. கொண்டிய எடுத்துவிட்டா சின்னப்பிள்ள கூட உள்ள வந்துரும். அதுக்காக நீங்க அப்பிடி வருவியளா? அதான் பாத்தேன். வண்டிய நிப்பாட்டுனிய, எறங்குனிய, கேட்டு முன்னால வந்து நின்னுட்டிய. நல்ல வளர்ப்பு. இந்த விசயத்துல பனவடலிசத்திரத்துக்காரவுகள அடிச்சிக்கிட முடியாது. மாமனார் வீட்டு வாசல்ல வாங்க மாப்ளன்னு ஒரு ஆள் சொல்லாம கால எடுத்து வைக்க மாட்டாவ.

சொல்லுவாவ, சொல்லுவாவ. மருதப்ப மாமா வந்துக்கிட்டு இருக்காவ. கடையநல்லூர்ல ஒரு துட்டி வீட்டுக்கு, எழவு விசாரிக்கப் போயிருந்தாவ, பஸ் ஏறிட்டாவளாம். எங்க அப்பா இல்லாத வீட்டுல தாய்மாமா வந்து முறையாக் கூப்பிடட்டும். நான் கூப்பிட்டு நீங்க வந்துட்டா, மதினிகாரி கையசைச்சதும் ஓடுனான்னு நாளைக்கு ஒங்க உரக்கடை வாசல்லயே உக்காந்து பேசுவானுவ. யாருக்குக் கொறச்சல், எனக்கா?

இசக்கியா? தங்கச்சி குளிக்கா. கொழாச் சத்தம் கேக்குல்லா? கேக்காது. பக்கத்துல ரசூல் பாய் தறி ஷெட்டு. ஓடுத வரைக்கும் இந்தத் தெருவுல ஒருத்தருக்கொருத்தர் கத்தித்தான் பேசிக்கிடணும். ஒங்க பின்னால சேரு கெடக்கு பாருங்க, இழுத்துப் போட்டு உக்காருங்க. பொம்பள குளிச்சு, தல தொவட்டி, துணிமணி எடுத்து வைக்கணும்லா. அழைச்சிட்டுப் போகத்தான வந்திருக்கிய?

இதா? நாடா. தறியில பாவு நூலுக்குள்ள குறுக்க ஓடுமே, அந்தக் கட்டை. ரெண்டு மொனையிலயும் இரும்பு மூக்கு. பாய் கழிச்சுப் போட்டத வாங்கி வச்சிருக்கேன். எதுக்குன்னா, கதைக்கு. கையில வச்சுக்கிட்டாத்தான் எனக்கு எழுத்து ஓடும்.

ஒங்களுக்குத் தெரியாதுல்லா, நான் கதை எழுதுதேன். போன்ல ஒரு ஆப்பு இருக்கு, அதுல தொடர்கதை. நிலா அபிஷான்னு ஒரு பேரு வரும், அது நாந்தான். சிரிக்காதிய. பூரணம் டீச்சர்னு போட்டா வீட்டுப்பாடம்னு நெனச்சு ஓடிருவாவ. கதைப் பேரு காட்டேரி வேட்டை. நம்ம சங்கரன்கோவில்லயே நடக்கு. அனுன்னு ஒருத்தி, பகல்ல லேபுல ரத்தம் எடுக்கா, பொழுது சாஞ்சா காட்டேரி வேட்டைக்குப் போறா. வெளிநாட்டுக் கதையில மரத்தச் சீவி நெஞ்சுல எறக்குவாவ. நம்ம ஊர்ல அதுக்கு ஆசாரியத் தேடவா முடியும்? தெருவுக்குத் தெரு நாடா கெடக்கு. அதையே குடுத்துட்டேன் அவ கையில.

ஹீரோ ருத்ரன். அவந்தான் ரத்தக்காட்டேரி. தறி மொதலாளி, நைட் ஷிப்டு மட்டும் ஓட்டுவான். செவந்த கண்ணு, முணுக்குன்னா கோவம். அந்த ஆப்புல கோவக்காரனா இருந்தாத்தான் ஹீரோ. அவன் அனு கழுத்தப் பிடிச்சு செவுத்தோட சாச்சான்னு எழுதுனா ஹார்ட்டா வந்து கொட்டும். பிடிச்ச கழுத்து மறுநா எந்த நெறத்துல இருக்கும்னு எவளும் கேக்க மாட்டா. எனக்குத் தெரியும், மஞ்சளும் ஊதாவும் கலந்து இருக்கும். எப்பிடியா? நீங்க கேக்கப்பிடாது தம்பி அத.

எந்திரிக்காதிய. கதையத்தான பேசுதோம். தண்ணி தரட்டா? செம்பு கம்பிக்குள்ள நொழையாது, டம்ளர் வேணா நொழையும். வேண்டாமா? அதுவும் சரிதான். மாப்பிள்ளைக்குக் கம்பி வழியாத் தண்ணி குடுத்தோம்னு பேராயிரப்பிடாது.

இந்தக் காட்டேரிச் சட்டம் இருக்கே, அதுல எனக்கும் படிக்கிறவுகளுக்கும் ஓயாத சண்ட. பூண்டு கண்டா ஓடும்பாவ வெளிநாட்டுல. நம்ம காட்டேரி பூண்டு ரசத்துக்குத் தட்ட நீட்டும். நான் எடுத்துட்டேன். கண்ணாடியில தெரியாதும்பாவ. ருத்ரன் மீச ஒதுக்கணும்லா, அதையும் எடுத்துட்டேன். ஒரே ஒரு சட்டத்த மட்டும் வச்சுக்கிட்டேன். வீட்டு ஆளு வாயால கூப்பிடாம அது வாசப்படி தாண்டாது. எம்புட்டுப் பசியா இருந்தாலும் நிக்கும். மதுரைக்காரி ஒருத்தி எழுதுதா, மேடம் இது வெளிநாட்டு வழக்கம், நம்ம பேய்க்கு ஏது இந்த மரியாதயெல்லாம்னு. நான் திருப்பி எழுதுனேன், அம்மா, நீங்க திருநெல்வேலிப் பக்கம் பொண்ணு குடுத்ததில்லயோன்னு.

ஒங்களச் சொல்லல தம்பி. பொதுவாச் சொன்னேன்.

எங்க விட்டேன்? ஆங், சட்டம். அதுல ஒரு கொடுமை என்னன்னா, கூப்பிடுதது அனு இல்ல. ஒவ்வொரு தடவையும் வீட்டுல வேற யாராவது கூப்பிட்டுருதாவ. பாவம் வாசல்ல நிக்கானேன்னு, தெருவுல நாலு பேரு பாப்பாவளேன்னு. போன ஆடித்தபசுக்கு முந்தி நடந்தது நெனவிருக்கா? கதையில இல்ல, இங்கன. இசக்கி காதுல ரத்தம் கட்டி வந்து நின்னா. மறுநா நீங்க வந்து இதே எடத்துல நின்னிய. மருதப்ப மாமா வாங்க மாப்ள, வெயில்ல நிக்கியளேன்னாவ. அம்புட்டுத்தான். கறிக்கொழம்பு, எலை, ஏப்பம். சாயங்காலம் அவ ஒங்க வண்டிக்குப் பின்னால உக்காந்து போறா. திரும்பிக்கூடப் பாக்கல. அடுத்த தடவ பல்லு ஆடிக்கிட்டு வந்தா. அப்பவும் வாங்க மாப்ளதான். எலை மட்டும் கொஞ்சம் பெருசு.

கம்பிய விடுங்க. துருப்பிடிச்ச கம்பி, இம்புட்டு இறுக்கிப் பிடிச்சா... பாத்தியளா, கிழிச்சிட்டு. ரத்தம் வருது பாருங்க. ஐய, வாயில வைக்காதிய தம்பி. பொழுது சாயுத நேரம், வாசல்ல நின்னுக்கிட்டு ரத்தத்தச் சப்புனா, பாக்குதவுக என்ன நெனைப்பாவ? கையில வச்சிருக்க அந்த மஞ்சப்பையில துணி கிணி இல்லயா, கட்டிக்கிட?

துணி இல்ல. தெரியும். பையில என்ன இருக்குன்னு வாசத்துலயே தெரிஞ்சிட்டு. கடைச் சரக்கு. பருத்திக்கு அடிக்கிற மருந்து. இசக்கி சொல்லிருக்கா. அவ வெளிய வேலைக்குப் போறேன்னு சொன்ன அன்னைக்கு ரெண்டு டம்ளர எடுத்து வச்சு, ரெண்டுலயும் ஊத்தி, ஒனக்கொண்ணு எனக்கொண்ணு, நீ மொதல்ல குடின்னியளாமே. மரியாத தெரிஞ்ச மனுசன், பொம்பளைக்குத்தான் முதல் பந்தி. அவ அழுது, கும்பிட்டு, வேலைக்குப் போகலன்னு சத்தியம் பண்ணுன பொறவு ரெண்டையும் கொல்லையில ஊத்துனிய. அங்கன இருந்த முருங்கை கருகிட்டுன்னா.

இன்னைக்கு டம்ளர் எத்தன கொண்டாந்திருக்கிய? இல்ல, இங்கனயே இருக்கும்னு விட்டுட்டியளா?

கத்தாதிய. தறிச் சத்தத்துல ஒண்ணும் வெளங்கல. அவ ஒங்க பொண்டாட்டிதான், இல்லன்னு யாரு சொன்னா? என்ன வேணாலும் செய்வேன்கிறதும் தெரியும். எனக்கு மட்டும் இல்ல, தெருவுக்கே தெரியும். உக்காருங்க. மாமா பஸ் ஸ்டாண்டுல எறங்கிருப்பாவ. அவுக வருத நேரம் நீங்க கேட்ட ஒதச்சுக்கிட்டு நின்னா நல்லாவா இருக்கும்? மனுசனுக்குக் கடைசியா மிஞ்சுதது கௌரவந்தான. அத விட்டுராதிய.

கதை முடியப் போகு தம்பி. கடைசி அத்தியாயம் இன்னைக்குப் போடணும். ஓட்டு வச்சேன், எப்பிடி முடிக்கலாம்னு. அனு ருத்ரனக் கொல்லணுமா, இல்ல அவ அன்பால அவன் திருந்தி ரெண்டு பேரும் சேரணுமான்னு. நீங்க என்ன சொல்லுதிய? சேத்து வைக்கணுமா? அதத்தான் எல்லாரும் சொல்லுதாவ. ஒருத்தி எழுதியிருக்கா, நூறு வருசம் ரத்தம் குடிச்சவன் ஒரு முத்தத்துல சைவமாயிருவான்னு. ஆயிருவான், ஆயிருவான். அந்தப் பிள்ளைக்குக் கல்யாணம் ஆகல போல.

கொல்லவும் எனக்கு மனசில்ல. ஏன்னு கேளுங்க. கொன்னா அனு போலீஸ் ஸ்டேஷன்ல உக்காரணும், கோர்ட்டுக்கு அலையணும். அவன் செத்தும் அவ பொழப்பக் குடிச்சிருவான். அது என்ன வேட்டை? அப்பத்தான் இசக்கி ஒரு நா போன் பண்ணுனா. ஒங்க கடைக்குப் பின்னால மூட்ட அடுக்குத எடத்துல நின்னு, குசுகுசுன்னு. ஒங்க பொண்டாட்டிதான் என் கதைக்கு மொத வாசகி, தெரியுமா? நாள் தவறாமப் படிக்கா. அக்கா, வீட்டுல யாருமே வாங்கன்னு சொல்லலன்னா ருத்ரன் என்ன செய்வான்னு கேட்டா. அங்கனயே நிப்பான்டின்னேன். எவ்வளவு நேரம்னா. அவன் கௌரவம் நிக்க விடுத வரைக்கும்னேன். பொறவு கேக்கா, அந்த நேரம் அனுக்குப் போதுமாக்கான்னு.

நான் கதையப் பத்தித்தான் கேக்கான்னு நெனச்சேன். நாலு வரி பேசுன பொறவுதான் வெளங்குச்சு. டீச்சர்னு பேரு, மண்டையில ஒண்ணும் இல்ல.

இருங்க. ஒரு நிமிசம் பேசாதிய.

தறி நின்னுட்டு பாருங்க. காதெல்லாம் ஙொய்ங்குது. கரண்டு போகல, தெரு லைட்டு எரியுதே. ரசூல் பாய்தான் நிப்பாட்டச் சொல்லிருப்பாரு. அன்னா, ஷெட்டு வாசல்ல நிக்காரு. பின்னால நிக்கது தறி ஓட்டுத ஆளுவ. இல்ல, சண்டைக்கு இல்ல. காத்து வாங்க வந்திருப்பாவ, உள்ள புழுக்கம்லா. நீங்க திரும்பித் திரும்பிப் பாக்காதிய, அவுக ஒண்ணும் சொல்ல மாட்டாவ.

இந்தா. கேட்டுச்சா? இந்த நீள ஊதல். மெட்ராஸ் வண்டி. ஸ்டேஷன்ல நின்னு ஆள ஏத்திக்கிட்டு, கெளம்பி, ரயில்வே கேட்ட தாண்டும்போதுதான் இப்பிடி ஊதுவான். இந்த ஊர்ல பொறந்தவுகளுக்கு அந்தச் சத்தம் தப்பாது.

இப்ப கொழாச் சத்தம் நல்லாக் கேக்குல்லா? அது அவ இல்ல தம்பி. வெறும் கொழாய். தொட்டி நெறஞ்சு வழிஞ்சிக்கிட்டுக் கெடக்கு, போயி மூடணும்.

ஒங்க வண்டிச் சத்தம் தெருமொனையில கேட்டப்ப அவ இந்த முன்ரூம்ல உக்காந்து செருப்பு வாரு மாட்டிக்கிட்டு இருந்தா. அவசரத்துல வாரு கொக்கி விழல. நீங்க வந்த வேகத்துல கேட்டத் தள்ளிவிட்டு நாலு எட்டு வச்சிருந்தியன்னா, முடியப் பிடிச்சே தூக்கிருக்கலாம். நின்னுட்டிய. பின்வாசல் வழியா, ஷெட்டுக்குள்ள பூந்து, தறிகளுக்கு ஊடால போனா. அந்தப் பக்கம் ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போக தாவீது ஆட்டோவோட நின்னான். அம்புட்டுச் சத்தத்துல ஆட்டோ எடுத்தது எனக்கே கேக்கல.

எங்க எறங்குவாளா? எனக்குத் தெரியாது. சத்தியமாத் தெரியாது. வேல கெடச்சிருக்குன்னா, எந்த ஊருன்னு நான் கேட்டுக்கிடல. கேட்டு வச்சிருந்தா நீங்க கேக்கும்போது எனக்கு வாயி தவறிரும்லா. மருதப்ப மாமாவா? அவுகளுக்கு நான் போனே போடல தம்பி. அவுக வந்தா கூப்பிட்டுருவாவளே.

அனு கதையும் அப்பிடித்தான் முடியுது. அவன் வாசல்ல நிக்கான். மீச ஒதுக்கிக்கிட்டு, யாராவது கூப்பிடுவாவன்னு. ஹார்ட்டு ஒண்ணும் பெருசா வராது, பரவாயில்ல.

சரி, எம்புட்டு நேரம்தான் வெளிய நிப்பிய. உள்ள ஆளு இல்லன்னு நீங்களே ரூம் ரூமாப் பாத்துக்கிடுங்க. கொண்டிய எடுங்க, அது ஒண்ணும் பூட்டல.

வாங்க தம்பி, உள்ள வாங்க. அந்தப் பைய மட்டும் வெளிய வச்சிருங்க.