திருப்பிச் சொல்லாத அளவு

— யாரைக் கேட்டுடா வெட்டினே? நான் இன்னும் அளவைத் திருப்பிச் சொல்லவே இல்லையே.

— நீ வாயைத் திறக்கிற வரைக்கும் காத்துக்கிட்டிருந்தா இந்த ஜன்னலுக்கு அடுத்த வருஷம்தான் கண்ணாடி மாட்டணும், வக்கீலே.

— கேளு முதல்ல. கட்டர் கையில இருக்கிறவன் அளவைக் கூவணும். டேப்போட ஜன்னல் சட்டத்துக்கிட்ட நிக்கிறவன் அதைத் திருப்பிச் சொல்லணும். பதில் வரலைன்னா கண்ணாடியில கை வைக்கக் கூடாது. நாம சேர்ந்து தொழில் பண்ண ஆரம்பிச்ச நாள்லேர்ந்து இப்படித்தானே? இப்ப பாரு, ஒரு விரல் குறையுது. கோழிக்கூண்டுக்குக் கதவு போடலாம்.

— போடு.

— ஞாயித்துக்கிழமை மகளுக்கு ஞானஸ்நானம், அந்தப் பதட்டத்துல கை தவறிடுச்சுன்னு சொல்லு. ஒத்துக்கிறேன். இப்படி மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு நிக்காதே.

— நேத்து கேட்டதுக்கே பதிலைக் காணோம். இப்ப அளவுக்கு மட்டும் பதில் சொல்ல வந்துட்டே.

— ஓ, அங்கதான் எரியுதா? பாகவதரே, நேத்து பட்டிமன்றத்துல ஜெயிச்சது நீ. பரிசுப் பேனா உன் சட்டைப் பையில இருக்கு. தோத்த நானே வாயை மூடிக்கிட்டு வேலை பாக்குறேன்.

— அது கிடக்கட்டும். நீ வேணும்னே தோத்தே.

— மாலை வகுப்பு வாத்தியாருக்குக் குசும்பு, ஆளுக்கு ஆள் பக்கத்தை மாத்திப் போட்டார். சர்ச்சுல பாடுற உன்னை, 'ஒரே கடவுளுக்குள்ள மூணு பேருங்கற திரித்துவமே ஆதிக் கிறிஸ்தவங்களுக்குத் தெரியாது'ன்னு பேசச் சொன்னார். அஞ்சு வேளை தொழுகிற என்னை, 'தெரியும், நம்பினாங்க'ன்னு பேசச் சொன்னார். முடிஞ்சதைப் பேசினேன்.

— முதல் பாதி பேசினே. பிதா, மகன், ஆவி, மூணு பேரையும் சொல்லித்தான் அந்தக் காலத்துலயே ஞானஸ்நானம் குடுத்தாங்கன்னு நீ சொன்னப்போ எனக்கே உடம்பு சிலிர்த்துச்சு. எங்க போதகர்கூட அவ்வளவு தெளிவாச் சொன்னதில்லை.

— உடனே எழுந்து என்னைக் கிழிச்சுத் தொங்கப் போட்டியே. திரித்துவம்ங்கற வார்த்தையே வேதத்துல இல்ல, நூத்தம்பது வருஷம் கழிச்சு யாரோ வச்ச பேருன்னே. ராஜா கூப்பிட்டு பிஷப்புங்க கூட்டம் போட்டு முடிவு பண்ணவே முந்நூறு வருஷம் ஆச்சுன்னே. ஆவியைப் பத்தி முடிவு பண்ண அதுக்கு மேல இன்னொரு அம்பது வருஷம்னே.

— கடைசியா என்ன கேட்டேன்?

— அந்த முந்நூறு வருஷத்துல செத்தவங்க யாரை நம்பிச் செத்தாங்கன்னு கேட்டே.

— அதுக்கு நீ என்ன பண்ணினே?

— தண்ணி குடிச்சேன்.

— தண்ணி குடிச்சே. 'கடைசியா ஒண்ணு வச்சிருக்கேன், கேட்டா நீ எழுந்திருக்கவே மாட்டே'ன்னு வண்டியில வரும்போது என் காதைத் தின்னவன், டம்ளரை எடுத்துத் தண்ணி குடிச்சே.

— தொண்டை காஞ்சிருந்துச்சு.

— பொய் சொல்லாதேடா.

— சரி, பொய்தான். முதல் வரிசையில யார் இருந்தாங்க, பாத்தியா?

— உன் மாமனார்.

— பள்ளிவாசல் ஆளுங்களோட வந்து உக்காந்திருந்தார். முதல் பாதி முடியறதுக்குள்ளயே தாடியை நீவ ஆரம்பிச்சுட்டார். வீட்டுக்கு வந்து, 'மாப்பிள்ளை, நல்லாப் பேசுனீங்க. கொஞ்சம் அதிகமாவே நல்லாப் பேசுனீங்க'ன்னார். அதுக்கே என் பொண்டாட்டி காலையில டீயைத் தரையில வச்சுட்டுப் போறா. அந்தப் பதிலையும் சொல்லியிருந்தா என் பெட்டி தெருவுக்கு வந்திருக்கும்.

— கோழை.

— யாருடா கோழை? உங்க இயேசுவை நாங்க ஈசா நபிம்போம், அவர் பேரை எடுத்தா மரியாதையாப் பேசுற வீடு எங்க வீடு. ஊரைக் கூட்டி வச்சு உன் ஆண்டவரைக் கூண்டுல ஏத்துனவன் நீ. கடைசி வரிசையில உன் பொண்டாட்டி கைக்குழந்தையைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு அழுதா. கைதட்டுற சத்தத்துல அது உனக்குக் கேட்டுச்சா?

— அது கிடக்கட்டும். அந்தப் பதில் என்ன?

— இப்ப எதுக்கு? பேனாவைத் திருப்பித் தரப் போறியா?

— சொல்லுடா.

— கத்தாதே. கண்ணாடி ஓரத்துலேர்ந்து கையை எடு. எடுத்துட்டுக் கேளு முதல்ல. அந்த பிஷப்புங்க கூட்டத்துக்கு இருநூறு வருஷம் முந்தி ரோமாபுரி ராஜாகிட்ட ஒரு கவர்னர் இருந்தான். உங்க மதத்தைக் கண்டாலே ஆகாது அவனுக்கு. உங்க ஆளுங்களைப் பிடிச்சு, வதைச்சு, விசாரிச்சு ராஜாவுக்கு எழுதி அனுப்பினான். என்னன்னு? 'இவங்க விடியறதுக்கு முன்னாடி ஒண்ணு கூடுறாங்க, கிறிஸ்துவைத் தெய்வமா வச்சுப் பாடுறாங்க'ன்னு. இதைச் சொன்னவன் பிஷப் இல்ல. உங்களை வெறுத்தவன்.

— பாடினாங்களா?

— உன்னை மாதிரி.

— அதுல மூணு எங்க இருக்கு?

— மூணுன்னு அவன் எழுதல. ஒண்ணுக்குள்ள மூணு எப்படின்னு பின்னாடி வந்தவங்க உக்காந்து யோசிச்சிருக்கலாம், அடிச்சுக்கிட்டிருக்கலாம். ஆனா யாரைப் பாத்துப் பாடினாங்கங்கறது அதுக்கு முன்னாடியே இருக்கு. பேரு பின்னாடி வந்தா பிள்ளையும் பின்னாடிதான் பொறந்துச்சுன்னு ஆயிடுமா? உன் மகளுக்கே இன்னும் பேர் வைக்கலையேடா.

— நீ இதை நம்புறியா?

— நம்பல. எனக்கு அல்லாஹ் ஒருத்தன். அவனுக்குப் பிள்ளையும் கிடையாது, பங்காளியும் கிடையாது. சாகிற வரைக்கும் அதுல மாத்தம் இல்ல. ஆனா நான் என்ன நம்புறேங்கறது வேற, அன்னைக்கு அவங்க என்ன நம்பினாங்கங்கறது வேற.

— இதை நேத்து சொல்லியிருக்கலாம்.

— சொல்லியிருந்தா நீ தோத்திருப்பே.

— தோக்கத்தான்டா கேட்டேன். அது வாத்தியார் சொல்லிக் குடுத்த கேள்வின்னா நினைச்சே? பிள்ளை பொறந்ததுலேர்ந்து என்னைத் தூங்க விடாத கேள்வி. போதகர்கிட்ட கேட்டேன், முழங்கால் போட்டு ஜெபம் பண்ணுன்னார். வலி வந்ததுதான் மிச்சம்.

— என்கிட்ட தனியாக் கேட்டிருக்கலாமே, மச்சான்.

— தனியாக் கேட்டா நீ உன் பக்கத்துலேர்ந்து சொல்லுவே. அந்த மேடையிலதான் நீ என் பக்கம் நின்னே.

— சரி விடு. தப்பு என்னுதுதான். இப்பக் கேட்டுட்டே இல்ல? ஞாயித்துக்கிழமை நான் வரேன். மாமனார் தாடியைப் பிய்ச்சுக்கிட்டாலும் சரி, வந்து பின்னாடி நிக்கிறேன். வேற கண்ணாடியை எடு. அளவைக் கூவு, திருப்பிச் சொல்றேன்.

— ஞாயித்துக்கிழமை வராதே.

— ஏன்?

— விடிஞ்சதும் போதகர் வீட்டுக்குப் போனேன். என் மகளுக்கு ஞானஸ்நானம் வேண்டாம், இனிமே நானும் பாட வரமாட்டேன்னு சொல்லிட்டேன். திரும்பி வந்தா வீடு பூட்டியிருக்கு. பிள்ளையைத் தூக்கிக்கிட்டு அவங்க அம்மா வீட்டுக்குப் போயிட்டா.

— அடப்பாவி, அதுக்கு முன்னாடி என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?

— அத்தனை பேர் முன்னாடி கூவிக் கேட்டேன். நீ திருப்பிச் சொல்லல. வெட்டிட்டேன்.