மூடி திறக்கும்வரை

குழாய்த் தண்ணீரை மட்டும் இந்தச் செடிக்கு ஊற்றிவிடாதீர்கள், அம்மா. உப்பு ஏறிச் செத்துப்போகும். காய்ச்சி வடித்த தண்ணீர்தான் ஒத்துக்கொள்ளும். முதலில் உட்காருங்கள். நின்றபடியே எழுதினால் கால் கடுக்கும், கண்ணு. நான் எங்கேயும் ஓடிவிட மாட்டேன்.

முப்பத்தொரு வருஷம் ஒரு பல் மருத்துவருக்கு உதவியாக நின்றவள் நான். வாயைத் திறந்தபடி கிடப்பவர்களின் கண்ணில் நீர் கோக்கும்போது தோளைத் தொட்டு, "இன்னும் கொஞ்சம்தான், பொறுத்துக்கோங்க" என்பேன். எல்லோரும் பொறுத்துக்கொண்டார்கள். நான் வேலையை விட்ட அன்று ஒரு நோயாளி பிரியமாகக் கொடுத்தது இந்தக் குடுவைச் செடி. இலை நுனியில் நரம்பு போல ஒன்று நீளும். அதன் முனை வீங்கிக் குடுவையாகும். மூடி திறந்ததும் பூச்சிகள் தேனுக்கு வந்து உள்ளே வழுக்கி விழும். மழைக்காட்டுச் செடி. காற்றில் ஈரம் குறைந்தால் மொட்டு கருகிவிடும். ஈரத்தைப் புகையாக ஊதும் இயந்திரம் வாங்கி, படுக்கையறை ஜன்னலோரம் வைத்து வளர்த்தேன். நான்கு வருஷம் வெறும் இலையாகவே விட்டது.

அப்புறம் என் தங்கை வந்தாள். அவள் கணவர் போனபின் தனியாகக் கிடக்க வேண்டாமென்று நான்தான் அழைத்தேன். சின்ன வயதிலிருந்தே அவளுக்கு மூச்சு இழுப்பு. அந்த அறையில்தான் படுத்தாள். மூன்றே வாரத்தில் ஓர் இலை நுனி வீங்கியது. அவள் மூச்சு பட்டுத்தான் என்று எனக்குத் தோன்றியது, அவளிடமும் சொன்னேன்.

"நீதான் பெத்துக்கல. பூச்சி திங்கிற ஒரு புள்ளைக்கு என்னைச் சித்தியாக்கிட்டியேக்கா" என்று சிரித்தாள். அப்படித்தான் பேசுவாள்.

சுவரெல்லாம் பூஞ்சணம் படர்ந்தது. இழுப்பு கூடியது. வீட்டுக்கு வந்து பார்த்த டாக்டர், இவருக்கு இந்த ஈரம்தான் விஷம், ஜன்னலைத் திறந்து வையுங்கள், இல்லையென்றால் கூடத்தில் படுக்க வையுங்கள் என்றார். சரி என்றேன். மொட்டு அதற்குள் என் விரல் நீளம் வளர்ந்திருந்தது. மூடி இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. வெளியே வறண்ட காற்று. இரண்டு நாள், மிஞ்சினால் மூன்று நாள். அப்புறம் ஜன்னல் என்ன, கூரையையே பிரித்துவிடலாம் என்று அவளைத் தேற்றினேன்.

"உன் செல்லத்துக்கு மூச்சு முட்டாதுக்கா. எனக்கு முட்டுது" என்றாள்.

நான் சமையலறைக்குப் போகும் நேரம் பார்த்து எழுந்து ஜன்னலைத் திறக்கத் தொடங்கினாள். அதனால் கைப்பிடியைத் திருகிக் கழற்றி என் பைக்குள் வைத்துக்கொண்டேன். மூன்றாம் நாள் மதியம் தலையணையைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கே கிளம்பிவிட்டாள். தோளைத் தொட்டுத் திரும்பப் படுக்க வைத்தேன். வெளியே வந்து கதவைச் சாத்தி, கீழ் இடுக்கில் ஈரத் துண்டைத் திணித்தேன்.

கதவைத் தட்டினாள். அவளுடைய இன்ஹேலர் கூடத்து மேசையில் இருந்தது. கொடுக்கலாம்தான். ஆனால் கதவைத் திறந்தால் அத்தனை ஈரமும் போய்விடுமே. தட்டுவது நின்றதும், தூங்கிவிட்டாள் என்று நிம்மதியாக இருந்தது.

நான்கு மணிக்கு உள்ளே போனேன். முதலில் செடியைத்தான் பார்த்தேன். மூடி திறந்திருந்தது. விளிம்பு ஈறு போலச் சிவந்து மினுங்கியது. அவளைக் கூப்பிட்டுக் காட்டத் திரும்பினேன். ஜன்னல் கண்ணாடியில் வாயை ஒட்டியபடி உட்கார்ந்திருந்தாள்.

அவளை எடுத்துப்போக வந்தவர்கள் குறடு போட்டு ஜன்னலைத் திறந்தார்கள். ஐந்து நாளாகத் திறந்தே கிடக்கிறது. இயந்திரத்தையும் நிறுத்திவிட்டேன். நியாயமாகச் செடி காய வேண்டும். ஏழு மொட்டு விட்டிருக்கிறது, நீங்களே பாருங்கள். அந்தக் கண்ணாடியில் அவள் வாய் இருந்த இடம் மட்டும் வேர்க்கிறது. துடைத்துவிட்டுத் திரும்புவதற்குள் மறுபடி வேர்த்துவிடுகிறது. குடுவையருகே காதை வைத்தால் உள்ளே இழுப்புச் சத்தம். உங்களுக்குக் கேட்காமல் இருக்கலாம். எனக்குப் பழகிய சத்தம்.

கதவைப் பற்றிக் கேட்டீர்கள். வெளித் தாழ்ப்பாளைப் போட்டது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் கொலை என்று மட்டும் எழுதாதீர்கள், கண்ணு. எங்களுக்குள் ஒருநாளும் சண்டை வந்ததில்லை. அன்றைக்கும் கதவைத் தட்டினாளே தவிர, என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை.